செகண்ட் கியரும் என் மனைவியின் முன்சீட்டும்

என் மனைவி என் காரில் ஏறுவதை நிறுத்திப் பத்து நாட்கள் ஆகியிருந்தன.

அவளுக்குக் குன்னூரில் ஆபீஸ். பெர்ன்ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் காலையில் அவளைக் கொண்டுபோய் விடுவதுதான், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நான் நாள் முழுவதிலும் உருப்படியாகச் செய்யும் ஒரே காரியம். பத்து நாளுக்கு முன்பு ஒரு காலையில், கேத்தி தாண்டி ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். கால் கீழே போனது. கார் நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரத்துத் தேயிலைச் செடிகளில் மெல்ல முட்டி நிறுத்தினேன். செடிக்கும் சேதமில்லை, காருக்கும் சேதமில்லை. மனைவி இறங்கினாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"இனிமே நான் பஸ்லயே போய்க்கறேன். வண்டி சரியாயிருச்சுன்னு நம்பற மாதிரி யாராச்சும் சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம். நீங்க சொன்னா செல்லாது."

கொஞ்ச நேரம் ஆறவிட்டதும் பிரேக் தானாகவே மறுபடி பிடித்தது. முதலில் ஊட்டியில் கண்ணாடிக் கதவெல்லாம் வைத்த பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போனேன். காபி கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் மாற்ற வேண்டிய சாமான்களின் பட்டியலும் கொடுத்தார்கள். படித்து முடித்தபோது, என் பழைய காரில் மிச்சம் இருக்கப்போவது ஹாரன் மட்டும்தான் என்று தோன்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் லவ்டேலில் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார். எஸ்டேட்டில் கொழுந்து ஏற்றும் லாரிகளைப் பல வருடம் பார்த்தவராம். யாரையும் நம்பாதே என்று யூடியூபில் நிறையப் பேர் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் கிளம்புமுன், நல்ல பாகங்களை யாரும் மாற்றி வைத்துவிடாமல் இருக்க, மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் அடையாளம் வைத்தேன். பெயர் தெரிந்த பாகங்களில் மட்டும்தான் வைக்க முடிந்தது. பேட்டரி, ஸ்டெப்னி, வைப்பர்.

மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். ஸ்வெட்டர் மேல் கிரீஸ். பானெட்டைத் திறக்கவே இல்லை. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நீங்களே ஓட்டுங்கண்ணா. தெனமும் எப்படிப் போவீங்களோ அப்படியே போங்க."

"வண்டிய நீங்க பாக்க வேண்டாங்களா?"

"ஓட்டறவரப் பாத்தா வண்டியப் பாத்த மாதிரிதானுங்க."

கேத்திப் பக்கம் இறக்கத்தில் விட்டேன். அவருடைய வலது கை ஹேண்ட் பிரேக்கின் மேலேயே இருந்தது. நான் வழக்கம்போல நியூட்ரலில் போட்டுவிட்டு, பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே இறங்கினேன். பெட்ரோல் மிச்சமாகுமே! இரண்டு கிலோமீட்டர் போனதும் நிறுத்தச் சொன்னார். இறங்கி, முன்சக்கரத்தருகே உள்ளங்கையைக் காட்டினார்.

"ஏனுங்கண்ணா, இதுல தோசை ஊத்தலாம் போலிருக்குதுங்க."

கருகல் வாடை எனக்கும் அடித்தது.

"உங்களுக்குச் சொந்த ஊரு மலைக்குக் கீழங்களா?"

"இங்கயே பொறந்து வளந்தவன் தம்பி."

"அப்படிங்களா," என்றார். அவ்வளவுதான். செகண்ட் கியரில்தான் இறங்க வேண்டும் என்று மலையேறி வரும் வெளியூர்க்காரர்களை எத்தனை முறை நிறுத்தி அதட்டியிருக்கிறேன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

திரும்பும்போது அவர் ஓட்டினார். "இப்ப வர்ற வண்டில, கால எடுத்துட்டுக் கியர்ல எறங்குனீங்கன்னா எஞ்சின் பெட்ரோலே குடிக்காதுங்க. நியூட்ரல்ல விட்டாத்தான் குடிக்கும்."

பதினோரு வருடச் சிக்கனம் அந்த வளைவிலேயே உருண்டு போனது.

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை அளந்து, அளவுகோலை என் மூக்கருகே நீட்டினார். "இன்னும் நெறைய ஓடுமுங்க, எதுக்கு மாத்தணும்?" முன் பிரேக் பேடுகள் மட்டும் சூட்டில் கண்ணாடி மாதிரி வழுவழுத்துப் போயிருந்தன. பிரேக் ஆயில் ரொம்பப் பழசு. அதில் ஈரம் சேர்ந்து, சூட்டில் கொதித்துத்தான் அன்றைக்கு என் காலை ஏமாற்றியிருக்கிறது. இரண்டையும் மாற்றினார். ஊட்டிப் பட்டியலில் இருந்த வேறெதையும் தொடவில்லை. கழற்றிய பேடுகளைப் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பேட்டரி பக்கம் கூப்பிட்டார்.

"பொட்டு வெச்சதெல்லாம் அப்படியே இருக்குதுங்களான்னு பாத்துக்குங்கண்ணா. நல்ல கலரு."

நான் வைப்பரை மிகுந்த கவனத்துடன் பார்த்தேன்.

சாயங்காலம் மனைவி பஸ்ஸில் வந்து லவ்டேலில் இறங்கிப் பட்டறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். வருமுன் மெக்கானிக்கிடம் கெஞ்சினேன். "வீட்ல வந்தா அந்த நியூட்ரல் விஷயம் மட்டும் வேண்டாம் தம்பி."

"நானாச் சொல்ல மாட்டேனுங்க. கேட்டாங்கன்னாப் பொய்யும் சொல்ல மாட்டேன்."

வந்தவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அவரிடம் போனாள். "தப்பு வண்டி மேலயா, இவரு மேலயா?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். "வண்டில இருந்த தப்பச் சரி பண்ணிட்டேனுங்கக்கா. வண்டிக்கு நான் பொறுப்பு."

அவள் கண்கள் மெதுவாக என் பக்கம் திரும்பின. வேறு வழியில்லை, சொல்லிவிட்டேன்.

"நியூட்ரல்லயா? நான் உள்ள உக்காந்திருக்கறப்பவா?"

"பெட்ரோல் மிச்சமாகும்னு..."

"ஆச்சா?"

"ஆகலீங்கக்கா," என்றார் மெக்கானிக்.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க முன்னாடி உக்காருங்க தம்பி. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன். ஒரு நடை போய்ட்டு வரலாம்."

அடைக்க வேண்டிய கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ஒரு வார்த்தை முனகாமல் அந்த மனிதர் வந்து ஏறினார். இறக்கம் முழுக்க செகண்ட் கியர். எஞ்சின் உறுமியபடி வண்டியைப் பிடித்துக்கொண்டது. பின்னால் ஒருவன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

"அடிச்சா அடிக்கட்டும். நீங்க இப்படியே போங்க," என்றாள் பின்சீட்டிலிருந்து.

அந்தப் பழைய வளைவில் பிரேக்கைத் தொட்டேன். கார் சொன்ன இடத்தில் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். மெக்கானிக்கின் சீட்டைப் பிடித்திருந்த அவள் கை மெல்ல விலகியது.

லவ்டேலில் அவர் இறங்கினார். அவளும் இறங்கி அவருக்கு நன்றி சொன்னாள். பிறகு சுற்றி வந்து, முன்கதவைத் திறந்து, உட்கார்ந்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"நாளைக்கு ஒம்பதுக்கெல்லாம் ஆபீஸ்ல இருக்கணும். செகண்ட் கியர்னா இன்னும் பத்து நிமிஷம் முன்னாடியே கெளம்பணுங்க."