கோமதி டீச்சர் சைக்கிளால் சாகவில்லை

அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆவணி முகூர்த்தம். வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் கணித ஆசிரியை சாந்தி போன் செய்தார். "கோமதி டீச்சர் விழுந்துட்டாங்களாம்" என்றார். நான் சிவப்புப் பேனாவைக்கூடக் கீழே வைக்காமல், "எந்த ஆத்தங்கரையில?" என்று கேட்டேன். கோமதி சைக்கிளில் விழுவது எங்களுக்குப் புதிதில்லை. திங்கட்கிழமை முட்டியில் கட்டுடன் வந்து, அதைப் பற்றி அவரே கதை சொல்லிச் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். "கரையில இல்ல டீச்சர். பைக்ல. அவங்க வீட்டுக்காரரோட ஒரு கல்யாணத்துக்குப் போறப்ப. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ளயே முடிஞ்சிபோச்சாம்" என்றார் சாந்தி.

துக்கத்தில் எழுதுகிறேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி கோபம். அவரிடம் இயற்பியல் படித்தவர்களும் அவருடன் வேலை பார்த்தவர்களுமாகிய நீங்கள் பலர், 'சைக்கிள் பைத்தியம் கடைசியில் டீச்சரைக் கொண்டுபோய்விட்டது' என்று பேசிக்கொள்வதைக் கேட்டேன். அது பொய். அந்தப் பொய் கோமதியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிலைத்துவிடுமோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்த சைக்கிள் அவருடைய மகன் பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. வெளிநாடு போகும்போது வீட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனான். தடித்த டயரும் முன்பக்கம் ஸ்பிரிங்கும் வைத்து, மலைச் சரிவிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள். எங்கள் நீடாமங்கலத்துப் பக்கம் எந்தத் திசையில் திரும்பினாலும் வயல்தான். மேடு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் ஆற்றங்கரையைத்தான் காட்ட முடியும். மலையே இல்லாத ஊரில் மலை சைக்கிளா என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் கேலி செய்தோம். ஆற்றைத் தூர் வாரிய மண்ணைக் கரை நெடுகக் குவித்து வைத்திருக்கிறார்களே, அந்த மலைகள் தனக்குப் போதும் என்றார் கோமதி. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது.

முதல் விழுகை கோரையாற்றுக் கரையில். சரிவில் இறங்கும்போது பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டார். சக்கரம் நின்றது, அவர் நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய்ப் பக்கத்து நாற்றங்காலில் குப்புற விழுந்தார். மறுநாள் பதினோராம் வகுப்பில் நிலைமம் என்றால் என்ன என்று அந்தக் கதையை வைத்தே பாடம் நடத்தினார். நாற்றங்காலுக்குச் சொந்தக்காரர் ஓடிவந்து, "நாத்து போச்சேம்மா" என்றுதான் முதலில் கத்தினாராம். கோமதிக்கு அவர்மேல் வருத்தமே இல்லை. "அவரு ஒருத்தர்தான் எது சேதமாச்சுன்னு பார்த்தாரு. மத்தவங்க எல்லாரும் என் வயசைப் பார்த்தாங்க" என்று என்னிடம் சொன்னார்.

இன்னொரு முறை மண்மேட்டில் ஏறும்போது சைக்கிள் சரிந்து, ஹேண்டில்பார் கன்னத்தில் இடித்துவிட்டது. இடது கண் வீங்கி நீலம் பாரித்திருந்தது. அந்தத் திங்கட்கிழமை நான் விடுப்பில் இருந்தேன். நடந்ததைக் கோமதிதான் பிறகு சொன்னார். அவர் உள்ளே வந்ததும் ஆசிரியர் அறையில் பேச்சு நின்றுபோயிற்று. ஒருவரும் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். யாரோ அவருடைய முதல் பாடவேளையைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மதியம்வரை அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கணவர் சேகர் அடித்துவிட்டார் என்று அறையே முடிவுகட்டியிருந்தது. உரக்கடை வைத்திருக்கும் சேகர் கொசுவைக்கூட யோசித்துத்தான் அடிப்பார். விஷயம் புரிந்ததும், சைக்கிளில் விழுந்ததாகக் கோமதி சொன்னார். அவ்வளவுதான், அறைக்கு வாய் வந்துவிட்டது. இந்த வயதில் தேவையா என்றார் ஒருவர். சேகர் சார் எப்படி விட்டார் என்றார் இன்னொருவர். கையைக் காலை உடைத்துக்கொண்டால் பொதுத்தேர்வு வகுப்பை யார் நடத்துவது என்று தலைமையாசிரியரும் கூப்பிட்டுக் கேட்டார்.

"புருஷன் அடிச்சிருப்பான்னு நினைச்ச வரைக்கும் எல்லாரும் மரியாதையா ஒதுங்கிக்கிட்டாங்க. நானா விழுந்தேன்னு சொன்னதும்தான் ஆளாளுக்குப் புத்தி சொல்ல வந்தாங்க" என்றார் கோமதி. சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அடிபட்ட முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கத் துணிவில்லாத நமக்கு அறிவுரை சொல்ல மட்டும் எங்கிருந்து அத்தனை தைரியம் வருகிறது?

பிறகு ஒருநாள் விழும்போது கையை நீட்டி ஊன்றியதில் தோளருகே காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவள் நான். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே இந்த வயதில் ஏன் இதெல்லாம் என்று ஆரம்பித்தார். கோமதி வலியைப் பொறுத்துக்கொண்டு, "வயசு எனக்கே தெரியும் சார். எலும்பு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றார். கையைத் துணித் தொட்டிலில் போட்டுக் கட்டிக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. எப்படி விழுவது என்று படித்தார், வீடியோ பார்த்தார். விழப்போகிறோம் என்று தெரிந்தால் கையை நீட்டக் கூடாது, முழங்கையை மடக்கி, தாடையை நெஞ்சோடு சேர்த்து, தோளில் விழுந்து உருண்டுவிட வேண்டும். எலும்பு கூடியதும் வீட்டுக் கொல்லையில் வைக்கோலைப் பரப்பி உருண்டு உருண்டு பழகினார். சேகர் காவலுக்கு நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் கண்ணால் பார்த்த விழுகை ஒன்று உண்டு. காலையில் கரையில் நடக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் களையெடுக்கப் போகும் பெண்கள் இரண்டு பேர். மேட்டிலிருந்து இறங்கி வந்த கோமதி ஒரு வேரில் தட்டி, எங்கள் கண்ணெதிரே உருண்டு போய்க் கிடந்தார். மூன்று பேரும் தூக்குவதற்கு ஓடினோம். படுத்தபடியே ஒரு கையை உயர்த்தி, "தூக்காதீங்க, கொஞ்சம் இருங்க" என்றார். கழுத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தார். விரல்களை மடக்கி நீட்டினார். முழங்காலை அசைத்தார். அதற்குப் பிறகுதான் எழுந்து உட்கார்ந்து, மேலே ஏறியிருந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"முதல்ல கழுத்து, அப்புறம் கை, அப்புறம் கால். மானம் கடைசியிலதான்" என்றார் எங்களிடம். "நம்ம பொம்பளைங்க விழுந்தா முதல்ல சேலையத்தான் சரிபண்றாங்க. ஒடஞ்ச காலோட எழுந்து நிக்கிறாங்க, யாராவது பார்த்துடப் போறாங்களேன்னு."

களையெடுக்க வந்தவர்களில் மூத்தவர், "மானம் எங்க ஓடிப்போவப் போவுதும்மா, இங்கதானே கெடக்கும்" என்றார். நான்கு பேரும் கரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

இந்த மே மாதம் திருச்சியிலிருந்து ஒரு சைக்கிள் குழுவுடன் கொல்லிமலைக்குப் போனார். ஒற்றையடிக் காட்டுப் பாதையில் மேலிருந்து கீழே இறங்கினார். கல்லும் வேரும் வளைவுமான பாதை. இரண்டு வருடம் நம் தூர்மண்ணில் கற்றது அவரை ஒரு கீறலும் இல்லாமல் திருப்பி அனுப்பியது. ஊருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். வாசலில் சைக்கிளை இறக்கும்போது எட்டிப் பார்த்தவர்கள் முதலில் அவர் கைகால்களைத்தான் பார்த்தார்கள்.

அப்படி மலையிலிருந்து பத்திரமாக இறங்கி வந்தவர்தான் இந்தச் சமதரையில் செத்தார்.

நன்னிலத்துப் பக்கம் சேகரின் தங்கை மகளுக்குக் கல்யாணம். முதல் நாளே போய் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். காலையில் பட்டுச்சேலை கட்டி, ஹெல்மெட்டும் கையுமாக வெளியே வந்த கோமதியை அங்கிருந்த பெரியவர்கள் மடக்கினார்கள். பூ நசுங்கிவிடும், மண்டபம் பக்கத்தில்தானே என்று சொல்லி ஹெல்மெட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சேகரின் பைக்கில் பின்னால் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காரப் போனதற்கு, கல்யாணத்துக்குப் போகிறவள் உட்காருகிற முறையா இது என்றார்கள். நல்ல நாளில் எதற்குப் பேச்சு என்று அவரும் விட்டுவிட்டார். ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் பழத்தட்டை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கௌரவமான குடும்பத்துப் பெண் எப்படிப் போக வேண்டும் என்று நாம் வரைந்து வைத்திருக்கிறோமோ, அப்படியே போனார்.

வழியில் புதிதாக ஒரு வேகத்தடை. தார் நிறத்திலேயே கிடந்தது. வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை. "மெதுவாத்தான் போனேன் டீச்சர். மேடு இருக்குன்னே தெரியல" என்றார் சேகர் என்னிடம். வண்டி தூக்கிப் போட்டதில் கோமதி பின்பக்கமாகச் சாய்ந்தார். அவர் அத்தனை பாடுபட்டுக் கற்றதில் ஒன்றுக்குக்கூட அங்கே இடமில்லை. இரண்டு காலும் ஒரே பக்கம், இரண்டு கையிலும் தட்டு, உடம்பைச் சுற்றிப் பட்டு. உருள்வதற்கு எங்கே வழி? பின்மண்டை நேராகத் தார்ச்சாலையில் மோதியது.

மறுநாள் பேப்பரில் 'ஆசிரியை தவறி விழுந்து பலி' என்று நான்கு வரி வந்தது. தவறி விழுந்து என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிடுகிறார்கள். யார் தவறியது? இருட்டு நிறத்தில் மேட்டைப் போட்டுவிட்டு வர்ணம் பூசாமல் போனவரா? ஹெல்மெட்டைப் பிடுங்கி வைத்தவர்களா? தவறு செய்தவர்கள் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கிறார்கள், விழுந்தவர் மட்டும் தவறியவர் ஆகிவிட்டார்.

பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் தலைமையாசிரியர் பேசினார். நல்ல மனிதர்தான். சைக்கிள் மீது கொண்ட ஆசை நம் கோமதி டீச்சரை நம்மிடமிருந்து பறித்துவிட்டது என்றார். பலர் தலையசைத்தார்கள். நான் எழுந்து, டீச்சர் சைக்கிளில் விழுந்து சாகவில்லை என்றேன். "எல்லாம் ஒண்ணுதானேங்க டீச்சர், விழுந்ததுதானே" என்றார். ஒன்றில்லை. ஒரு பெண் தானாக ஓட்டி விழுந்தால் அது திமிர், பின்னால் உட்கார்ந்து விழுந்தால் அது விதி என்று நாம் வைத்திருக்கும் கணக்குக்குத்தான் இரண்டும் ஒன்றாகத் தெரியும். அன்று கூட்டத்தில் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

காரியத்தன்று உறவுக்காரர்கள் அந்த சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். வீட்டில் இருந்தால் ஆகாதாம். குரல் உயர்த்தியே பழக்கமில்லாத சேகர் வாசலுக்கு வந்து அதன் பக்கத்தில் நின்றுகொண்டார். "எத்தனை தடவை கீழ தள்ளுச்சோ, அத்தனை தடவையும் இதுதான் அவளை வீட்டுக்குக் கொண்டாந்து விட்டுச்சு. இது இங்கதான் நிக்கும்" என்றார்.

வேகத்தடைக்கு வர்ணம் பூசச் சொல்லி நான் மனு கொடுத்தேன். அது யார் போட்டது என்று விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். இடையில் சேகரே சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு போய்ப் பூசிவிட்டு வருகிறார். மழை பெய்தால் கரைந்துவிடுகிறது, மறுபடியும் போகிறார்.

கோமதியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த வரிசையைத்தான். முதலில் கழுத்து, அப்புறம் கை, அப்புறம் கால், கடைசியில் மானம். போன வாரம் அதே சாலை வழியாக ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிவிட்டு, இரண்டு பக்கமும் காலைப் போட்டு, ஹெல்மெட்டுடன் என் கணவர் பின்னால் உட்கார்ந்தேன். சுண்ணாம்புக் கோடு தூரத்திலேயே தெரிந்தது, அவர் வேகத்தைக் குறைத்தார். மண்டப வாசலில் என் கணவரின் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கல்யாணத்துக்கு வர்ற கோலமா?" என்று கேட்டார்.

"இல்லைங்கத்தை. வீடு போய்ச் சேர்ற கோலம்" என்றேன்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். கழுத்து இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது. பிறகு பையிலிருந்து பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.