சேக்காட்டு வீட்டின் கூரை

காலை எட்டரை மணிக்கு, பாடியில் ஆபீஸ் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது போன் வந்தது. சேக்காட்டில் அப்பா கட்டிய வீட்டை ஒரு தையல்காரப் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். அவள்தான்.

"அக்கா, மேல இருந்து பேத்துக்கினு உயுந்துச்சுக்கா. பொண்ணு..."

அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். அவள் எடுக்கவில்லை.

ஆட்டோ பிடித்தேன். அம்பத்தூரில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது அவளுடைய பழைய புகார் நினைவுக்கு வந்தது. படுக்கையறைக் கூரையில் விரிசல் என்று மழைக்காலத்தில் அவள் போட்டோ அனுப்பியிருந்தாள். "மழை முடியட்டும்மா, ஆள் அனுப்புறேன்" என்றேன். மழை முடிந்து பொங்கலும் போய்விட்டது. நான் ஆள் அனுப்பவில்லை.

வாசலில் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். உள்ளே கட்டில் மேல் ஒரு முறம் அகலத்துக்குக் காரைக்கட்டி கிடந்தது. கூரையில் துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிந்தன. அவளுடைய மகள், பத்தாம் வகுப்பு படிப்பவள், பள்ளிச் சீருடையில் சுவரோரம் நின்றாள். தலையெல்லாம் வெள்ளைத் தூசி. சீப்பு எடுக்கக் கட்டிலிலிருந்து எழுந்த நொடியில் விழுந்திருக்கிறது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"மூணு தபா சொன்னேன்க்கா" என்றாள் அவளுடைய அம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

நான் வரச்சொன்ன கொத்தனார் வந்து கூரையைக் கம்பால் தட்டிப் பார்த்தார். ஹாலிலும் காரை விட்டுப்போன பொள்ளல் சத்தம்தான் கேட்டது. "இன்னைக்கே காலி பண்ணிடுங்க. கூரைக்குக் கீழ முட்டு குடுத்தாத்தான் உள்ள கால் வைக்கலாம்" என்றார்.

அவள் என்னை முறைத்தாள். "இத்த சாக்கா வச்சு எங்கள வெளிய அனுப்பப் பாக்குறியா? பொண்ணுக்குப் பரீட்ச கீது. எங்க ஊட்டுக்காரரு லாரி ஓட்டினு வெளியூர்ல கீறாரு. நான் எங்க போவேன்?"

அவள் அப்படி நினைப்பதற்கு நானே இடம் கொடுத்திருந்தேன். "எங்க வீட்டுக்கு வாங்க. பரீட்சை முடியிற வரைக்கும் இருங்க" என்றேன். அவள் உடனே சம்மதிக்கவில்லை. மகள்தான் புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

ஆறு வாரம் எங்கள் முன்னறையில் தையல் மெஷின் ஓடியது. நான் வைத்த காபியைக் குடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், தானாக ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் மட்டும் மாலையில் கணக்கு கேட்க என்னிடம் வருவாள்.

கூரையை முழுக்கப் பிரித்துப் புதிதாகப் போட்டேன். வேலை முடிந்ததைச் சொல்லச் சாவியோடு அவள் முன் போய் நின்றேன்.

"வேணாங்க்கா. திருவேற்காட்டுல ஊடு பாத்துட்டோம்" என்றாள். "அந்த ஊட்ல எனக்குத் தூக்கம் வராது."

அவள் போன பிறகு அந்த வீட்டைப் பார்க்கப் பலர் வந்தார்கள். முன்பு இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னேன். இரண்டு குடும்பம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனது. மூன்றாவதாக வந்தவர்கள் இப்போது இருக்கிறார்கள்.