இருபத்திரண்டாம் நாள், நாலாம் நம்பர் மலை

கண்டிப் பக்கம் தொடங்கி, தேயிலைத் தோட்டங்களுக்குள்ளேயே வளைந்து வளைந்து போய் நுவரெலியாவில் முடிகிற நடைபாதை அது. தனியாகவே இருபத்தொரு நாள் நடந்திருந்தேன். கடைசி நாள் காலை, உடப்புசல்லாவையில் தங்கிய அறையில் சப்பாத்தைக் கட்டும்போது சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அன்றைய பாதை, அம்மா கொழுந்து பறிக்கும் தோட்டத்துக்குள்ளே போகிறது. நான் குருநாகலில் ஆபீஸ் ட்ரெயினிங்கில் இருக்கிறேன் என்பது அம்மாவின் நினைப்பு.

அந்தப் பொய்யை நான்தான் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூட லீவில் அம்மாமாரோடு மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கும். என்னை மட்டும் அம்மா மலைப்பக்கமே விட்டதில்லை. "உள்ள உக்காந்து படி" என்பார். படித்தேன், கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலையும் கிடைத்தது. இப்போது ஒரு மாத லீவு எடுத்து, என் சொந்தக் காசைச் செலவழித்து, பதினாலு கிலோவை முதுகில் மாட்டிக்கொண்டு அதே மலைகளில் ஏறி இறங்குகிறேன். இதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? எதற்காக நடக்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஆபீஸில் கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தேன்.

அம்மாவின் கண்ணில் படாமல் தப்ப ஒரு வழி வைத்திருந்தேன். தோட்டத்தில் பிறந்தவளுக்குக் கொழுந்துச் சுற்று தெரியும். இன்றைக்கு ரெண்டாம் நம்பர் மலையில் பறித்தால் நாளைக்கு மூன்றாம் நம்பர், அதற்கடுத்த நாள் நாலாம் நம்பர். திங்கட்கிழமை போனில் நைசாகக் கேட்டேன்.

"இன்னைக்கு எந்த மலைங்கம்மா?"

"ரெண்டாம் நம்பரு. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

விரல் விட்டு எண்ணினேன். நடைபாதை போவது நாலாம் நம்பர் மலை வழியாக. நான் அங்கே வரும் வியாழக்கிழமை, அம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் நம்பரில் இருப்பார். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். ஆனாலும் லயத்து ஆட்கள் யாராவது கண்டுவிட்டால் என்ன செய்வது என்று தொப்பியை இறக்கி, கறுப்புக் கண்ணாடி போட்டு, கழுத்துத் துணியை மூக்கு வரை இழுத்துவிட்டுத்தான் தோட்டத்துக்குள் நுழைந்தேன்.

நாலாம் நம்பரில் பாதை மிகவும் ஒடுக்கம். ஒரு பக்கம் செடி, மறுபக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான். வளைவு திரும்பினால், பகல் நிறுவைக்காகத் தலையில் சாக்கோடு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஏறி வருகிற பெண்கள் வரிசை. முன்னால் வந்தது அம்மா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வியாழன்தானே? ஐந்தாம் நம்பர்தானே? அப்புறம்தான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை போயா, பௌர்ணமி நாள். தோட்டத்துக்கு லீவு. சுற்று ஒரு நாள் தள்ளிப் போயிருக்கிறது. அன்றைக்கு முழு நிலாவை வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்தும், அது போயா என்று என் மூளையில் ஏறவே இல்லை.

தோட்டத்துப் பாதையில் ஒரு முறை இருக்கிறது. சுமையோடு வருகிறவருக்குச் சும்மா வருகிறவர் ஒதுங்கி வழி விட வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை, கால் தானாகவே ஒதுங்கும். என் கால் கானுக்குள் இறங்கியது. அதே நேரம் அம்மா செடிப்பக்கம் ஒதுங்கினார். என் முதுகிலும் சுமை இருக்கிறதே! இரண்டு பேரும் ஒதுங்கி நிற்க, நடுவில் பாதை வெறுமையாகக் கிடந்தது. ஈரக் கொழுந்துச் சாக்கு அம்மாவின் கழுத்தை அமுக்கியது. அம்மா என் பையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் பையைப் பார்த்தார்.

"என்னக்கா, ஏன் நிக்கிறீங்க? கழுத்து ஒடியுது" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"யாரோ டவுனு நோனா. போகட்டும், இரு" என்றார் அம்மா. நோனாவாம், டவுன் சீமாட்டி. பிறகு என்னைப் பார்த்து, "யன்ன மிஸ், யன்ன" என்றார். போங்க மிஸ், போங்க. என் அம்மா என்னோடு சிங்களத்தில் பேசினார்.

நான் போனேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. துணியை இறக்கி "அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அங்கிருந்து டவுனுக்கு மூன்று மணி நேர நடை. அந்த மூன்று மணி நேரமும் ஒரே கேள்விதான். அம்மாவுக்கு என்னைத் தெரிந்ததா, தெரியவில்லையா? தெரியாவிட்டால் ஏன் அவ்வளவு நேரம் பார்த்தார்? தெரிந்திருந்தால் ஏன் அப்படிப் பேசினார்? மகள் கொழும்பில் பெரிய ஆபீஸில் இருக்கிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருப்பார். அந்த மகள் சேறும் வியர்வையுமாக மூட்டை தூக்கி வந்தால் மானம் போகாதா? கோபம் வந்தது. பெற்ற மகளை யாரோ என்று சொல்லலாமா? கொஞ்ச தூரம் போனதும், முகத்தை மூடிக்கொண்டு வந்தவள் யார் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பாதை முடிகிற இடத்தில் ஒரு மேளமும் இல்லை. வாகனங்கள் ஹோர்ன் அடித்தபடி போய்க்கொண்டிருந்தன. வழியில் போன ஒருவரிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அதில் என் முகம் பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி இருக்கிறது. இருபத்திரண்டு நாள் நடந்து முடித்தவள் மாதிரி இல்லவே இல்லை.

பையோடு அப்படியே பஸ் ஏறி லயத்துக்குப் போனேன். வருவது வரட்டும் என்று இருந்தது. அம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை.

"காலைக் கழுவிட்டு வா. அட்டை கடிச்சிருக்கா பாரு."

"என்னைத் தெரிஞ்சுதாம்மா?"

"பெத்தவளுக்கு நடை தெரியாதா? தொப்பி போட்டா ஆளு மாறிருமா?"

"அப்புறம் ஏன் யாரோ மாதிரி பேசுனீங்க? ஒங்களுக்கு வெக்கமா இருந்துச்சா?"

மாவு பிசைந்த கை நின்றது.

"வெக்கமா? எனக்கு என்னத்துக்குடி வெக்கம்? நீ எங்கயோ நடக்குற, எதையோ தூக்குற, அது ஒன் இஷ்டம். ஆனா தெரிஞ்ச மாதிரி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ சும்மா போயிருப்பியா? ஓடி வந்து என் தலையில இருந்த சாக்க வாங்கியிருப்ப. அத்தன பேரு பாக்க, ஒன் தலையில கொழுந்துச் சாக்கு ஏறியிருக்கும். அத என்னால பாக்க முடியாது. அதான் போன்னு சொன்னேன்."

மூன்று மணி நேரம் எல்லாவற்றையும் புரட்டிப் புரட்டி யோசித்திருந்தேன். மானத்தை யோசித்தேன், கோபத்தை யோசித்தேன், என் பொய்யை யோசித்தேன். அந்தச் சாக்கை வாங்க வேண்டும் என்று மட்டும் எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, வாங்கியிருப்பேன்" என்றேன்.