பச்சை மருந்துக்குப் பொட்டு வைத்தேன்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். திருப்பூர் சாயப்பட்டறை, ஓசூர் கல்குவாரி, கேரளாவில் பரோட்டாக் கடை என்று சுற்றிவிட்டு, காரைக்குடியில் ஒரு வைரஸ் ஆய்வகத்தில் கான்ட்ராக்ட் அட்டெண்டராகச் சேர்ந்தேன். ஆய்வகத்தை நடத்தும் விஞ்ஞானி, எங்கள் பெரிய சார், முதல் நாளே சட்டம் சொன்னார்: "யோவ் கருப்பையா, இங்க எதையும் தொடாத. எல்லாத்தையும் சுத்தமா வையி." தொடாமல் எப்படித் துடைப்பது என்று நான் கேட்கவில்லை.

சாக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஸ்டெல்லா சாரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். ஒரு மருந்தைக் காட்டி அவள்தான் விஷயத்தைச் சொன்னாள்: "நம்ம ஒடம்பே நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு செய்யுதுண்ணே. அது செல்லுக்குள்ள இருந்தா சில வைரஸ் பெருக முடியாது. இந்த மருந்து அந்த வாயுவத்தான் விடுது."

மருந்து நல்ல பச்சை. சிறு கண்ணாடிக் குப்பியில், ஃபாயில் சுற்றி, ஃப்ரீசரில் இருக்கும். ஃபாயில் எதற்கு என்று அவள் சொல்லவில்லை. பரோட்டா பார்சல் கட்டிய பழக்கத்தில் நானும் கேட்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. "ஒண்ணு விடாமப் பொட்டு வையி. போன வருசம் சென்ட்ரிஃபியூஜ் மெஷின விட்டுட்டோம், மூணு மாசம் ஓடல" என்றார் சார். ஃப்ரீசரைக் கழுவிவிட்டுக் குப்பியை ஜன்னலோரம் வைத்தேன். ஃபாயிலில் சந்தனம் ஒட்டவில்லை. உரித்துவிட்டுக் கண்ணாடியில் வைத்தேன். பகல் முழுக்க நல்ல வெயில். சாயங்காலம் பச்சை வெளுத்திருந்தது போலத் தோன்றியது. புது ஃபாயில் சுற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

அடுத்து ஸ்டெல்லா ஆட்டம்மை வைரஸை வைத்துச் சோதனை செய்தாள். அந்த மருந்தை எடுக்கும்போது விளக்கை அணைத்துவிடுவாள், நிறம் தெரியாது. ஊதாச் சாயம் போட்ட தட்டில், வைரஸ் செல்லைத் தின்ற இடம் ஓட்டையாகத் தெரியும். மருந்து ஊற்றிய தட்டில் முன்பெல்லாம் நாலைந்து ஓட்டைதான். இப்போது கொசுவலை!

"ரெண்டு வருசமாக் காமிச்சதெல்லாம் பொய்யா? பழைய ரிசல்ட் வரலேன்னா தீசிஸ்ல கையெழுத்துப் போடமாட்டேன்" என்று கத்தினார் சார்.

வெளுத்த பச்சை எனக்கு அப்போதே ஞாபகம் வந்தது. ஆனால் அது கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் மாதம். வாயைத் திறக்கவில்லை. அதே குப்பியில் அவள் மறுபடி செய்தாள். மறுபடி கொசுவலை. பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று அழுதாள்.

"ஏம்மா, அந்தக் குப்பி வெயில்ல இருந்தாக் கெட்டுப்போகுமா?"

"எந்தக் குப்பிண்ணே?"

எடுத்து வந்து ஃபாயிலை உரித்தோம். பொட்டு இருந்தது, பச்சை இல்லை.

"அய்யோ அண்ணே! வெளிச்சம் பட்டா வாயு பூராம் போயிருமே!"

நேரே சாரிடம் போனேன். "அந்தப் பிள்ளையத் திட்டாதீக. பொட்டு வச்சது நான். வைக்கச் சொன்னது நீக." சார் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி டைப் அடித்தார். அது அணைந்திருந்தது.

ஸ்டெல்லா புதுக் குப்பியையும் பொட்டுக் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தாள். புதியதில் நாலு ஓட்டை. பழையதில் கொசுவலை. "வாயு போன மருந்து வைரஸ நிறுத்தலண்ணே. அப்ப நிறுத்துனது வாயுதான்!" என்று குதித்தாள். கையெழுத்து விழுந்தது.

கருத்தரங்கில் சார் பேசினார்: "வெளிச்சத்தில் வைத்து வாயுவை நீக்கிய மருந்தையும் திட்டமிட்டே ஒப்பிட்டேன்." சந்தனமும் திட்டத்தில் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

புதிதாக வருகிறவர்களே, காரணம் கேட்காமல் ஃபாயிலை அவிழ்க்காதீர்கள். அவிழ்த்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் வாயை மூடியிருந்த நாளெல்லாம் திட்டு வாங்கியவள் அவள். அந்தக் குப்பி இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது. ஸ்டெல்லா அதன்மேல் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "கருப்பையா அண்ணன் திட்டமிட்டது."