நரிக்கு எந்தத் துவக்கு?

இரண்டு மாதத்துக்கு முன்னர் நான் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

பதறாதீர்கள். வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொல்ல அல்ல. நண்பர் பரமாவின் ஆட்டுக்குட்டிகளை நரி தின்கிறது... அதற்காக.

பரமா ஒரு அக்கவுண்டன்ட். மகளின் பள்ளிக்கூடத்துக்காக கிளென் வேவர்லியில் வீடு. மனத் திருப்திக்காக, மெல்பனிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டத்தில் இருபது ஏக்கர் காணி, நாற்பது ஆடு. வார நாட்களில் டை கட்டுவார். சனி, ஞாயிறில் முழங்கால் வரை கம்பூட்ஸ் போட்டு விவசாயி ஆகிவிடுவார். இந்த வருடம் மட்டும் ஏழு குட்டிகளை நரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆத்திரத்தில் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், லைசன்ஸும் எடுத்துவிட்டார். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

துணைக்கு என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கையாளத் தெரிந்த ஒரே ஆயுதம் ஸ்டேப்ளர். கூடவே ரவியும் வந்தார்.

ரவி என்பது உண்மைப் பெயர் அல்ல. வயது நாற்பத்து மூன்று. படகில் வந்தவர். பதினான்கு மாதம் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, தற்காலிக விசாவில் வெளியே வந்தவர். கோழித் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் பரமாவின் காணியில் வேலி அடைப்பார். மனைவியும் இரண்டு மகள்மாரும் வவுனியாவில். அகதி விண்ணப்பம் சரிவந்தால்தான் அவர்களைக் கூப்பிட முடியும். அந்த ஒன்றுக்காகத்தான் அவர் குரலை உயர்த்தாமல், சிவப்பு விளக்கில் வீதியைக் கடக்காமல், யாரோடும் முட்டாமல் வாழ்ந்துகொண்டிருந்தார்.

கடைக்காரர் வெள்ளைத் தாடிக்காரர். நல்ல மனிதர். “லைசன்ஸ் இல்லாதவர்கள் எதையும் தொடக்கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ரவியும் நானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம், பிரின்சிபல் அறைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி.

மூன்று ரகம் எடுத்து வைத்தார். கலிபர் என்றால் குண்டின் பருமன் என்று எனக்கும் விளங்கப்படுத்தினார். முயலுக்குப் போதுமான சின்ன டூ-டூ. அதே பருமனில், வெடிமருந்து கூடிய மேக்னம். அதற்கும் மேலே டூ-டூ-த்ரீ — இருநூறு மீட்டரில் நிற்கும் நரியும் தப்பாது. பரமாவின் கண் அதில்தான் போய் நின்றது. டிவி என்றாலும் கார் என்றாலும் நமக்குப் பெரிது வேண்டுமே!

“அண்ணை, நரி எவ்வளவு தூரத்தில வரும்?” என்று ரவி மெல்லக் கேட்டார்.

“குளத்தடியில இருந்து ஆட்டுப்பட்டி மட்டும்... ஒரு எண்பது மீட்டர் வரும்.”

“அதுக்குப் பின்னுக்கு என்ன இருக்கு?”

“பக்கத்துக் காணிக்காரன்ர குதிரைக் கொட்டில். அங்கால வீடு.”

“அப்ப பெரிசு வேண்டாம். தவறினா வெடி அங்க போயிடும். சின்னனும் வேண்டாம் அண்ணை, நரி காயத்தோட ஓடிப்போய்ப் பத்தைக்குள்ள கிடந்து அழுந்திச் சாகும். பாவம். நடுவில இருக்கிறது காணும்.”

பரமா அதை இங்கிலீஷில் சொன்னார். கடைக்காரர் ரவியை ஒரு மரியாதையோடு பார்த்தார். தானும் அதைத்தான் சொல்ல இருந்தாராம். இவர் எங்கே பழகினார் என்று கேட்டார்.

பரமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஹீ இஸ் ஃப்ரம் த வார், மேட்!” என்று சிரித்தார்.

ரவியின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கண்ணாடி அலுமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது காரில் ரவி கேட்டார்: “ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்? அப்பாவிட்ட வயலுக்கு வாற காட்டுப் பண்டிக்கு ஒரு துவக்கு இருந்தது. பெர்மிட் துவக்கு. அதில பாத்துப் பழகினதுதான். வேற ஒண்டும் இல்லை.”

“சும்மா பகிடிக்குச் சொன்னனான் ரவி. அவனுக்கு என்ன விளங்கப்போகுது?” என்றார் பரமா.

உண்மைதான். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதையும் விளங்கிக்கொள்ள நம் ஆட்கள் இருக்கிறார்களே!

அடுத்த ஞாயிறு மத்தியானம் பரமாவின் மகளுக்குப் பிறந்தநாள். ஹோல் வாடகைக்கு எடுத்து, சொந்த ஆட்டில் பிரியாணி. ரவிக்கு அன்று வேலை, வரவில்லை. ஆண்கள் ஒதுங்கும் கார் பார்க் மூலையில் பரமா கதையைத் தொடங்கினார். முதல் கிளாசில் ரவி கலிபர் சொன்னார். இரண்டாவது கிளாசில் துவக்கைக் கழற்றிப் பூட்டினார். மூன்றாவதில்... கண்ணை மூடிக்கொண்டு!

ரவியின் விரல்கூட அதில் படவில்லை. எனக்குத் தெரியும். சொன்னேனா? இல்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள். பத்தி எழுதுகிறவனின் வாய் சும்மா இருக்குமா?

“ஸ்னைப்பர் ரவி!” என்றேன்.

அன்றைக்கு அதிகச் சிரிப்பு எனக்குத்தான் கிடைத்தது. வீட்டுக்குப் போகும்வரை எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ரவி ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். இமிகிரேஷனிலிருந்து வந்த கடிதம். அவரைப் பற்றித் தகவல் ஒன்று கிடைத்திருக்கிறதாம். அனுப்பியவர் பெயர் இல்லை. ஆயுதப் பயிற்சி உள்ளவர், சமூகத்தில் ‘ஸ்னைப்பர்’ என்று அறியப்படுபவர்... பதினான்கு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வாசித்துக் காட்டும்போது அந்தச் சொல்லை நான் விழுங்கிவிட்டேன். பிறகு லோயர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

யார் எழுதியது? தெரியாது. பிரியாணி சாப்பிட்ட கை ஒன்று. ஊரிலிருந்து வரும்போது ஊறுகாயைப் பிடிக்கிறார்கள், கருவாட்டைப் பிடிக்கிறார்கள். இந்த மொட்டைக் கடிதப் பழக்கத்தை மட்டும் எந்த ஏர்போர்ட்டிலும் பிடிக்கவில்லை.

லோயர் கேட்டது இரண்டே கடிதம். கடையிலும் காரிலும் உண்மையில் நடந்தது என்ன, அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று கூட இருந்த இருவரும் எழுதித் தர வேண்டும். வியாழக்கிழமைக்குள்.

பரமாவுக்கு போன் போட்டேன். “மச்சான், எழுதலாம்தான். ஆனா லைசன்ஸ் இப்பதான் எடுத்தனான். இதுக்குள்ள என்ர பேரும் போனா அதைப் பறிச்சுப்போடுவாங்கள். பிறகு நரிக்கு என்ன செய்யிறது?” என்றார்.

பிறகு நரிக்கு என்ன செய்வது! பகிடி விடுகிறார் என்று நினைத்துக் காத்திருந்தேன். அவர் பகிடி விடவில்லை.

காறித்துப்பத் தோன்றியது. சரி, நான்? எனக்கு அரசாங்க அலுவலகத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செக்யூரிட்டி செக். அப்படி ஒரு ஃபைலில் என் பெயர் இருக்கலாமா? அதைவிடப் பெரிய சங்கடம் — அந்தப் பட்டத்தை வைத்தது நான்தான் என்று எழுத வேண்டும். முதல் தடவை ‘யாரோ ஒருவர்’ என்று எழுதினேன். இரண்டாம் தடவை ‘நண்பர்கள் பகிடியாக’. மூன்றாம் தடவை அந்தப் பந்தியையே தூக்கினேன். நான்காம் தடவைதான் ‘நான்’ என்று வந்தது. அதற்குள் வியாழன் போய்விட்டது. வெள்ளியும் போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் அனுப்பினேன்.

மத்தியானம் லோயரின் பதில் வந்தது. நன்றி, நல்ல கடிதம் என்று எழுதியிருந்தார். ரவியின் விண்ணப்பம் வெள்ளிக்கிழமை பின்னேரம் நிராகரிக்கப்பட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தார். அப்பீல் செய்யலாமாம். வருடக்கணக்கில் போகுமாம்.

இதையெல்லாம் எழுதலாமா என்று ரவியிடம் கேட்டேன். “எழுதுங்கோ அண்ணை, இனி என்ன? நீங்கள் ஒராள்தானே எனக்காண்டி ஒரு கடிதம் தந்தனீங்கள்” என்றார்.

அதை எந்தக் கிழமை தந்தேன் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிக்கிறவர் அவர்.