துரைராசு அண்ணனின் வெந்நீர் மைக்செட்

குத்தாலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் துரைராசு அண்ணனுக்கு ஒன்பது மா நிலம், ஒரு சோலார் மோட்டார், ஒரு மைக்செட். மோட்டார் நெல்லுக்கு, மைக்செட் மானத்துக்கு.

இரண்டு வாரத்தில் அவர் தங்கை செந்தாமரையின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீரைத் தன் மைக்கிலேயே வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அன்றைக்கென்று பார்த்து நாள் முழுக்க மின்தடை அறிவித்துவிட்டார்கள்.

எங்கள் தெருவில் முதன்முதலாகப் பி.இ. முடித்தவன் நான். என்னிடம் வந்தார்.

"தம்பி, சோலார் பலகையில முந்நூறு வோல்ட் சும்மா கெடக்கு. செட்டுக்குப் பன்னண்டு போதும். மிச்சத்த எங்க கொட்டுறது?"

நான் காகிதம் எடுப்பதற்குள், வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியை நடுவில் கோத்து, பழைய டிராக்டர் பேட்டரியோடு செட்டை மாட்டிவிட்டார். செட் பாடியது, வாளி கொதித்தது. கணக்குப் போட்டேன்: பாட்டுக்கு நூறு வாட், வெந்நீருக்கு இரண்டாயிரத்து முந்நூறு.

எனக்கு அவமானம், தெருவுக்குக் கொண்டாட்டம். ஆளாளுக்குக் குடத்தோடு வந்தார்கள்.

"அண்ணே, இன்னும் ரெண்டு பாட்டு போடுங்க. தண்ணி சரியாக் காயல."

மூன்றாம் நாள் வாளி வற்றிக் கம்பி வெடித்தது. பாட்டு இழுத்து இழுத்து நின்றது. செந்தாமரையின் கணவர் தியாகேசன் சொல்லிவிட்டார்: "மச்சான், இன்னொரு தடவ நின்னா குத்தாலத்து செட்டுதான்."

அதன்பிறகுதான் நான் செய்த பெட்டியை மாட்டினோம்.

"உள்ள மதகு மாதிரி ஒரு சுவிட்ச் இருக்குண்ணே. செகண்டுக்கு அம்பதாயிரம் தடவ தெறந்து மூடும். நூத்துல நாலு பங்கு நேரந்தான் தெறந்திருக்கும்."

"அப்பப் பாட்டு விக்கி விக்கி வருமே!"

"முறை வச்சுத்தானே வாய்க்கால்ல தண்ணி விடுறாங்க? ஒங்க பயிர் விக்குதா?"

யோசித்தார். "வயல்ல தேங்கி நிக்குதுல்ல?"

"இங்க கம்பிச்சுருள்லயும் கெப்பாசிட்டர்லயும் தேங்கும். ரெண்டு ஆம்பியருக்கும் கொறவா வாங்கி நாப்பது ஆம்பியர் வரைக்கும் தரும்."

"ரெண்ட வாங்கி நாப்பதா? ஏதுடா அது?"

"முந்நூறுலேர்ந்து பன்னண்டுக்கு எறங்குதுல்லண்ணே. ஒசரம் கொறயுது, தண்ணி கூடுது. வீணாவுறது ரொம்பக் கம்மி."

தலையாட்டினார். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அவர் காதில் ஏறவில்லை என்பது காதுகுத்தன்றுதான் தெரிந்தது.

காலையிலிருந்து செட் கணீரென்று பாடியது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கன்றுக்குட்டி மூக்கு மாதிரிக் குளிர்ந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மொட்டையடித்த பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு செந்தாமரை வந்தாள்.

"அண்ணே, வெந்நீர்?"

பெட்டிச் சூட்டில் காயட்டுமென்று அதன் பின்னால் இரண்டு அண்டா நிறையத் தண்ணீர். வெந்நீர் தன் பொறுப்பென்று அண்ணன் ஒரு வாரமாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அண்டாவில் கைவிட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது.

"என்னடா தம்பி, இப்புடிக் கெடுத்துட்ட?"

"தொண்ணூத்தோரு சதவீதம் பாட்டுக்கே போவுதுண்ணே!"

"மிச்சம் ஒம்போத வச்சுப் புள்ளையக் குளிப்பாட்டவா?"

தியாகேசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். அண்ணன் மைக்கை எடுத்தார்.

"தாய்மாமன் சீர்வரிசை: கம்மல் ஒரு ஜோடி, பட்டுப்பாவாடை ஒண்ணு, வெந்நீர் ரெண்டு அண்டா. வெந்நீர் இப்பத்தான் அடுப்புல ஏறுது. அது காயுற வரைக்கும், மச்சான் நல்லாக் கேட்டுக்குங்க, செட்டு நிக்காது!"