மீந்துபோன சொட்டு மருந்து

மனைவிக்கு டாக்டர் கொடுத்த கண் மருந்தை எடுத்து என் கண்ணில் விட்டுக்கொண்டவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதைச் சொல்வது எளிது.

1963, தை மாதம். திண்டுக்கல்லில் ஓர் அலுவலகத்தில் கோப்பு புரட்டிக்கொண்டிருந்த எனக்குத் தாடிக்கொம்புப் பக்கம் ஒன்றரை ஏக்கர் பூர்வீக நிலம் வந்து சேர்ந்திருந்தது. வேளாண்மைப் புத்தகங்கள் நாலைந்தைப் படித்துவிட்டுச் சோளம் விதைத்தேன். மழை அந்தப் புத்தகங்களைப் படிக்கவில்லை. கதிர் பிடிக்காத தட்டைதான் மிஞ்சியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அறுத்துக் கட்டும்போது காய்ந்த தோகை ஒன்று வலது கண்ணைக் கீறிவிட்டது.

பக்கத்துத் தோட்டக்காரர் ஓடி வந்தார். "கசக்காதீங்க சார். தோகை பட்ட கண்ணு பொல்லாதது. எங்க சித்தப்பாவுக்குப் பச்சிலையப் பிழிஞ்சு விட்டே கண்ணு போச்சு. நாளைக்கே மருதைக்குப் போயிருங்க."

பச்சிலையா? படித்தவன் அதைத் தொடுவானா? வீட்டு அலமாரியில், போன வருடம் மனைவியின் கண் அரிப்புக்குக் கொடுத்த கார்ட்டிசோன் சொட்டு மருந்து பாதி மீந்திருந்தது. அதன் மகிமையைப் பத்திரிகையில் வேறு படித்திருந்தேன்.

"அது எனக்குக் குடுத்ததுல்ல?" என்றாள் மனைவி.

"கண்ணுக்குக் கண்ணு என்ன வித்தியாசம்?" என்றேன்.

மூன்றே நாளில் சிவப்பு போய்விட்டது. அலுவலகத்தில் மேசை மேசையாகப் போய் இமையை விரித்துக் காட்டினேன். அடுத்த வாரம் கருவிழியில் அரிசி நொய்யளவு வெள்ளை விழுந்தது. விளக்கைப் பார்த்தால் கூசியது. மருந்தைக் கூட்டினேன். கடைசியில் மனைவிதான் மதுரைக்கு ரயில் ஏற்றினாள். கொடைரோடு வரும்போது நல்ல கண்ணைப் பொத்திப் பார்த்தேன். எதிரே அவள் இல்லை, புகைதான் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

கண் டாக்டர் மரத்துப்போக ஏதோ விட்டு, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவினார். என்ன மருந்து போட்டேன் என்று கேட்டார். பாராட்டை எதிர்பார்த்துச் சொன்னேன். அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "வந்து பாருங்க" என்றார்.

இடது கண்ணை வைத்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பளிங்குபோன்ற மெல்லிய இழைகள், கிளைவிட்டு, கிளையிலிருந்து மறுபடி கிளைவிட்டு ஓடின. என் ஒரு கண்ணில் இருந்ததை மறு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பூஞ்சை. தோகையோட உள்ள போயிருக்கு. உடம்பு அதோட சண்டை போட்டதாலதான் கண்ணு செவந்துச்சு. நீங்க விட்ட மருந்து அந்தச் சண்டைய நிறுத்திருச்சு, பூஞ்சைய இல்ல. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா கண்ணுலயே ஓட்டை விழுந்திருக்கும்."

நியாயமாக நான் அழுதிருக்க வேண்டும். "இன்னொரு தரம் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சுரண்டலும் எரிச்சல் தரும் மருந்துமாக ஒருவழியாகக் கண் தப்பியது. ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இன்றைக்கும் சிவந்த கண்ணைவிட, அவசரமாக வெளுத்த கண்ணைக் கண்டால்தான் எனக்கு நடுக்கம்.

ஊர் திரும்பியதும், நலம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த இழைகளைக் கைவிரித்து வர்ணித்துக்கொண்டிருந்தேன். காப்பி கொண்டுவந்த மனைவி அவர்களிடம் சொன்னாள்:

"ஒன்றரை ஏக்கருல ஒரு மணி வெளயல. கண்ணுலயாச்சும் வெளஞ்சுச்சேன்னு அவுகளுக்குச் சந்தோசம்."